கடைசி நேரத்தில் விலகும் மாடு

ரேக்ளா பந்தயம்னு சொன்னதும் எல்லாரும் வேகத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்கு ரொம்ப நாளாக வேறு இரண்டு கேள்விகள். மாட்டின் மேல் எதைப் பூட்டலாம், எதைப் பூட்டக் கூடாது? எல்லைக்கோட்டுக்கு வந்த பிறகு ஒரு மாடு நொண்டினால் என்ன செய்வது?

முதலில் பந்தயத்தைப் பார்த்துவிடலாம். கொங்குப் பக்கம் நடப்பது கடிகாரத்தோடு போட்டி. வண்டிகள் தனித்தனியாக ஓடும். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம், பல்லைப் பார்த்து பிரிவு. மாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பல் விழும், நாலு வயதுக்கு மேல் எட்டுப் பல்லும் நிறையும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஊரில் வாயைத் திறந்து பார்ப்பதுதான் வயதுக் கணக்கு. தென் மாவட்டங்களில் கதை வேறு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, பல ஜோடிகளைச் சாலையில் ஒரே நேரத்தில் விடுவார்கள். மைல் கணக்கில் ஓட்டம், ஓட்டுபவருக்குப் பெயர் சாரதி.

இப்போது பூட்டும் பொருள்களுக்கு வருவோம். நுகத்தடி, பூட்டாங்கயிறு, மூக்கணாங்கயிறு, லாடம், சாட்டை எல்லாம் நமக்குத் தெரிந்தவை. வில்லங்கம் தார்க்குச்சியில்தான், அதன் நுனியில் இருக்கிற ஆணியில். இதைப் பற்றிச் சட்டம் எப்போதோ பேசிவிட்டது. வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான மத்திய அரசின் 1965 விதிகள், முள் வைத்த குச்சி, முள்ளோ புடைப்போ உள்ள நுகம், கூரான கடிவாளம் எல்லாவற்றையும் தடுக்கின்றன. 37 டிகிரிக்கு மேல் வெயில் போகும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை மாட்டை வேலை வாங்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. மே மாத மதியத்தில் மரக்காணம் உப்பளத்து வரப்பில் பத்து நிமிஷம் நின்று பார்த்தவருக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்.

பந்தயத்துக்கென்று தனி விதி இருக்கிறதா? அங்கேதான் குழப்பம். 2011 ஜூலையில் மத்திய அரசு, வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2016 ஜனவரியில் வந்த மத்திய அறிவிப்பு, வண்டிப் பந்தயத் தடம் 2 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, மாட்டுக்கு ஊக்கமருந்து கொடுக்கவில்லை என்று கால்நடைத் துறை சோதிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. சில நாளிலேயே அதற்கும் தடை விழுந்தது. பிறகு 2017ல் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம். அதன் விளக்கத்தில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்ற பெயர்கள் இருக்கின்றன. ரேக்ளா என்ற பெயர் இல்லை. மகாராஷ்டிரம் தன் சட்டத்தில் வண்டிப் பந்தயத்தைப் பெயர் சொல்லியே எழுதியது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு இந்த மாநிலத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டது.

மேற்கு நாடுகளில் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு: இரண்டு சக்கர சல்கி வண்டியில் குதிரையைப் பூட்டி ஓட்டும் ஹார்னெஸ் பந்தயம். குதிரை நடைமாறி நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. போனால் ஓட்டுபவர் இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டு வர வேண்டும். நடை கலையாமல் இருக்கக் காலில் மாட்டும் வார், கண்மறைப்பு இவற்றில் மாற்றம் என்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். குதிரை கடைசி நேரத்தில் விலகினால், மருத்துவர் பார்த்திருக்கிறாரா என்று கேட்பார்கள். நோய் அல்லது நொண்டல் என்றால் சில நாளைக்கு அந்தக் குதிரை ஓட முடியாது. அதன் மேல் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வரும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? குதிரை மேல் பாசத்தால் மட்டும் இல்லைங்க. பணம் கட்டியவன் ஏமாறக் கூடாது என்பதுதான் பெரிய காரணம். சூதாட்டத்துக்குப் போட்ட வேலி போகிற போக்கில் குதிரையையும் காப்பாற்றியது. ரேக்ளாவில் சட்டப்படி பந்தயப் பணம் கிடையாது. ஆக, அந்த வேலியும் இங்கே தானாக முளைக்காது. மாட்டுக்காகவே நாம்தான் போட வேண்டும்.

இதில் ஆணியைக் கண்டுபிடிப்பது சுலபம். குச்சியை வாங்கிப் பார்த்தால் போதும். நொண்டல் அப்படி இல்லை. மாசக்கணக்கில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் போட்டு வளர்த்து, லாரி வாடகை கொடுத்துக் கொண்டு வந்தவர், ஊரே பார்க்கும்போது "என் மாடு ஓடாது"ன்னு சொல்வது லேசில்லை. இது ஜோடி வேறு. ஒரு மாட்டுக்குக் கால் பிசகினால் நல்லா இருக்கிற இன்னொன்றும் நிற்க வேண்டும். விலகினால் நஷ்டமும் அவமானமும் என்றால் மாட்டை ஓட்டத்தான் பார்ப்பார்கள்.

அதனால் என் கணக்கில், ரேக்ளாவுக்கு எழுத வேண்டிய முதல் விதி விலகலைப் பற்றியது. எல்லைக்கோட்டில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கணும், அவர் வேண்டாம் என்றால் பேச்சு முடிந்தது. நுழைவுக் கட்டணம் முழுசாகத் திரும்பணும். நல்ல மாட்டுக்காரருக்குக் கொடுக்கும் துண்டை, மாட்டை நேரத்தில் நிறுத்தியவருக்கும் மேடையில் போடணும். ஜெயித்தவருக்கு அடுத்த பந்தயம் இருக்கிறது. இவர் நிறுத்தியதால் அந்த மாட்டுக்கும் அடுத்த பந்தயம் இருக்கும்.