குரலால் அறியும் குருவிகள்

‘சிட்டு’ என்ற ஒரே சொல்லால் நாம் அழைக்கும் பறவைகள் பல. ஏறத்தாழ 13 செ.மீ. நீளமே உள்ள மங்கல் நிறக் குருவி ஒன்று விருட்டென்று வேலிக்குள் மறையும்போது, அது எவ்வினம் என்று கூறுவது விலங்கியல் மாணவர்க்கும் எளிதன்று. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். குரல், வால், வாழிடம் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்க வேண்டும்.

இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரைச் சேர்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், ஒன்றுபோல் தோன்றிய இலைக் குருவிகள் மூன்று தனி இனங்கள் என்பதை 1768இல் எழுதி வைத்தார். அவருக்கு முதன்மைச் சான்றாக அமைந்தது அவற்றின் பாட்டே.

நம் ஊர்க் குருவிகளைக் காண்போம். முதுகு பச்சை, உச்சந்தலை செம்பழுப்பு, தூக்கிய வால், உடலுக்கு மீறிய உரத்த குரல் - இது தையல்சிட்டு. முதுகு சாம்பல், கண் செம்மை, பறக்கும்போது ‘டிக் டிக்’ என்று சொடுக்கும் ஒலி - இது சாம்பல் கதிர்க்குருவி.

சாதாக் கதிர்க்குருவியும் காட்டுக் கதிர்க்குருவியும்தான் நம்மைக் குழப்புவன. இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் நீண்ட வால். முன்னது ஈரப் புல்வெளி, நெல்வயல், நாணல் ஆகியவற்றை நாடும். பூச்சி இரைவதுபோல் பாடும். பின்னது சற்றுப் பெரியது. வறண்ட முட்புதர்களில் வாழும். தெளிந்த குரலில் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கூறும்.

குளிர்காலத்தில் மற்றொன்றும் வரும். மேலுடல் முழுதும் ஒரே பழுப்பு, வாலைத் தூக்காது, புதருக்குள்ளிருந்து ‘சக்... சக்’ என்னும். இதுவே பிளித் நாணல் கதிர்க்குருவி. ருசியா, நடு ஆசியா முதலிய பகுதிகளில் குஞ்சு பொரித்து, சில கிராம் எடையே உள்ள உடலுடன் நம் வேலிக்கு வந்து சேரும் விருந்தாளி!

என் தந்தை பள்ளி வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் ஏர் ஓட்டிக்கொண்டே, தலை நிமிராமல், கரும்புக்குள் கத்துவது எக்குருவி என்று கூறுவார். நூலில் பெயர் கற்கும் நாம் அந்தச் செவியையும் பெறுதல் வேண்டும்.

ஐயம் நீங்காவிடில் ‘இனம் தெரியவில்லை’ என்றே குறிப்பேட்டில் எழுதுக. ஊகித்து எழுதிய பெயர் வெற்றிடத்தைவிடத் தீயது. குளத்து நாணல் அழிந்து ஓர் இனம் மறையும் நாளில், எல்லாவற்றையும் ‘சிட்டு’ என்றே எழுதி வைத்திருந்தால், மறைந்தது எது என்று யார் அறிவார்?