சாவு மோளம் மேடை ஏறியது!

கல்யாண வீட்டுக்கு நாகஸ்வரம் உண்டு. சாவு வீட்டுக்கு? ராயபுரம், காசிமேடு பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். "கானா!" என்பார்கள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் ஆலைத் தொழிலாளிகளும் வாழும் பகுதி அது. அங்கே ஒருவர் கண்ணை மூடினால் விடிய விடியப் பாட்டு நடக்கும். போனவருடைய நல்ல குணத்தையும் பட்ட பாட்டையும் அங்கேயே மெட்டுக் கட்டிப் பாடுவார்கள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் கிளம்பும். டோலக் இல்லையா? மேஜைப் பலகை போதும்! ஊர்வலத்துக்குச் சட்டியும் கட்ட மோளமும்.

"ஐயே, சாவுப் பாட்டா?" என்று முகத்தைச் சுளிக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். உலகம் கொண்டாடும் ஜாஸ் சங்கீதமும் வளர்ந்த இடம் இப்படிப்பட்டதுதான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களின் சவ ஊர்வலங்களில் இன்றும் பாண்டு வாத்தியம் முழங்குகிறது. அந்த ஜாஸோடு மைல்ஸ் டேவிஸ் 1969-இல் மின்சாரக் கிதாரைச் சேர்த்து இசைத்தட்டு வெளியிட்டபோது, "இது என்ன கலப்படம்!" என்று சீறியவர்களும் உண்டு.

நம் சென்னையிலும் ஒரு கலப்படம் நடந்தது. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து, பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடிப் பிடித்து, 19 பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதியற்றவர்களின் கூட்டு என்று பொருள். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்த பெயர் இது.

2018 ஜனவரி 6-ஆம் தேதி, கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானா, ராப், ராக் மூன்றும் கைகோத்தன. கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சம ஆசனத்தில் பறை, சட்டி, கட்ட மோளம்! எந்த ஓசையைக் கேட்டால் ஜனங்கள் ஜன்னலைச் சாத்துவார்களோ, அந்த ஓசையைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. பாட்டில் காதலும் கண்ணீரும் மட்டும்தானா? இட ஒதுக்கீடு, சாதிக் கொடுமை, வடசென்னைக்காரன் என்றால் ரௌடி என்று நினைக்கும் மனப்பான்மை, எல்லாமே வந்தன. சிலருக்குக் கசந்தது. கசக்கட்டுமே! மருந்துதானே?

அந்தப் பத்தொன்பது பேரில் பெண் ஒருவர்தான்: ராயபுரத்து இசைவாணி. கானா என்பது ஆண்கள் கோட்டை. இரவெல்லாம் சாவு வீட்டில் உட்கார்ந்து பெண் பாடுவதாவது என்பார்கள். இசைவாணி பாடினார். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலகெங்கிலுமிருந்து தேர்ந்தெடுத்த நூறு பெண்களின் பட்டியலில் அவர் பெயரும் இடம் பெற்றது!

சகோதரிகளே, பெண் ஒப்பாரி வைத்தால் ஏற்கிற ஊர், அவளே கானா பாடினால் மட்டும் ஏன் புருவத்தை உயர்த்த வேண்டும்? அடுத்த முறை தெருவில் அந்த மோளம் கேட்டால் உடனே ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். யாரோ ஒருவருடைய முழு வாழ்க்கையும் அந்தப் பாட்டிலே போய்க்கொண்டிருக்கும்.