பேரவையில் ஒரு கேள்வி

(இரண்டாமாண்டு வேதியியல் மாணவர், நாவலூர்)

மனு என்பது வேண்டுகோள். கேள்வி என்பது உரிமை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எனக்கு உணர்த்தியது எந்தப் பாடநூலும் அன்று. என் தாயாரின் டிரங்குப் பெட்டி.

அந்தப் பெட்டியில், ரேஷன் அட்டைக்கு அடியில், நான்கு சீட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. நாவலூரில் எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமென்று என் தாயார் ஓர் அலுவலகத்தில் கொடுத்த மனுக்களுக்கு அவர்கள் கொடுத்த ரசீதுகள் அவை. ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது. பதில் மட்டும் எதிலும் இல்லை. எங்கள் தெருவில் நின்று பார்த்தால் பத்து மாடி, பதினைந்து மாடிக் கட்டடங்கள் தெரியும். நாங்களோ இன்னமும் லாரியின் ஹாரன் ஒலி கேட்டால் குடத்தோடு ஓடுகிறோம்.

சென்ற ஆண்டு நான் ஐந்தாவது மனுவை எழுத உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் மனு எழுதுவது என் வேலை. அம்மா சொன்னார்: "நாலு தடவை எழுதிக் குடுத்தாச்சுடா. வாங்கி வச்சிக்கிட்டாங்க. அவங்களை யாருடா கேக்கறது?"

'அவர்களை யார் கேட்பது?' இந்த வினாவுக்கு நம் அரசியலமைப்பிலேயே விடை இருக்கிறது. அதை நம் கல்லூரித் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கேட்கும் உரிமை வந்த வரலாறு

அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு கூறுகிறது. பொறுப்பு என்றால் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது பொருள். ஆனால் இந்த உரிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை.

ஆங்கிலேயர் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைத்த மன்றங்களில் உறுப்பினர்கள் கேள்வி கேட்க இயலாது. 1892ஆம் ஆண்டுச் சட்டம்தான் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்வி கேட்க இடமளித்தது. கிடைத்த பதில் போதாதென்றால் துணைக் கேள்வி கேட்க அப்போது வழியில்லை. 1909இல் கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அவ்வுரிமை எல்லா உறுப்பினருக்கும் கிடைத்தது.

அதே 1919ஆம் ஆண்டுச் சட்டம்தான் இரட்டை ஆட்சியையும் கொண்டுவந்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மாகாணத்தின் இந்திய அமைச்சர்களிடம் வந்தன. நிதி, காவல் முதலியவை ஆளுநர் கையிலேயே இருந்தன. அதிகாரம் டில்லியிலிருந்து மாகாணத்திற்கு இறங்கி வந்தபோது, அதை யார் கேட்பது என்ற வினாவும் கூடவே வந்தது.

அந்தச் சென்னைச் சட்டமன்றத்தில் நம் பகுதியின் குரலும் ஒலித்தது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா அதில் உறுப்பினராக இருந்தார். தம் மக்களை இழிவாகக் குறித்த பெயர்களை நீக்கி, அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் 1922இல் அவரது முயற்சியால் நிறைவேறியது. மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் அனைத்தும் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்றது அது. அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது.

கிணற்றடிக்குப் போகும் உரிமையே நூறாண்டுகளுக்கு முன் ஒரு மன்றத்தில் எழுந்து கேட்டுப் பெற வேண்டியதாக இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அவை தீர்மானங்கள்; நான் சொல்ல வந்தது வினாக்கள். தீர்மானம் 'இதைச் செய்க' என்கிறது. வினாவோ 'செய்தாயா? எப்போது? எவ்வளவு?' என்கிறது. வினா பின்தொடராவிட்டால் ஆணை தாளிலேயே தங்கிவிடும்.

இரு வகை வினாக்கள்

மக்களவையிலும் மாநிலப் பேரவைகளிலும் வினாக்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாக விடை சொல்வார். உறுப்பினர்கள் துணை வினா கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு விடை எழுத்து வடிவில் அவை முன் வைக்கப்படும். துணை வினா கிடையாது.

முதல் வகைக்கே புகழ் அதிகம். நம் பேரவையின் வினா நேரம் 2022 சனவரியில் நேரலையாக ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஆயினும் எழுத்து விடையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திர வினாக்களே இடம்பெறுகின்றன. எழுத்து விடைக்குரியவை 230 வரை. புள்ளிவிவரம், தேதி, ஊர்ப்பெயர், தொகை ஆகியவை பெரும்பாலும் எழுத்து விடையில்தான் கிடைக்கும். பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும். அமைச்சர் வேண்டுமென்றே பொய்யான விடை தந்தால் அது உரிமை மீறலாகும்.

வினா எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1957ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் அரிதாஸ் முந்த்ரா என்பவரின் நிறுவனப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. முதலில் கிடைத்த பதில் திருப்தி தரவில்லை. ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தியே விடாமல் தொடர்ந்தார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

சில சமயம் 'இல்லை' என்ற விடையே பெரிய செய்தியாகிவிடும். 2020 செப்டம்பரில், கொரோனாக் காலத்தில், நாடாளுமன்றத்தில் வாய்மொழி வினா நேரம் கைவிடப்பட்டது. எழுத்து விடைகள் மட்டும் தொடர்ந்தன. ஊரடங்கின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதித் தந்தது. எண்ணவே இல்லை என்ற உண்மையை அந்தக் கேள்விதான் நாட்டுக்குச் சொன்னது.

யாரிடம் எதைக் கேட்பது?

ஏழாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. குடிநீர், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, காவல் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. இரயில்வேயும் பாதுகாப்பும் ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே தாம்பரம் இரயில் நிலையத்தைப் பற்றியும் அங்குள்ள விமானப்படைத் தளத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். பழைய மகாபலிபுரம் சாலையும் எங்கள் தெருக் குழாயும் பேரவைக்கு உரியவை. தவறான வாசலில் தட்டினால் கதவு திறக்காது.

கேட்கும் முறைக்கும் விதிகள் உண்டு. மக்களவை விதிகளின்படி வினா 150 சொற்களுக்கு மேற்படலாகாது. வாதம், ஏளனம், பழிச்சொல் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பும் வேண்டும்.

இதைப் படித்தபோது எங்கள் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. 'இந்தக் கரைசலில் அமிலம் இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'எவ்வளவு இருக்கிறது?' என்பது வேறு கேள்வி. முன்னதற்கு லிட்மஸ் தாள் போதும். பின்னதற்கு பியூரெட்டில் துளித்துளியாக அளக்க வேண்டும். 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் தருவீர்களா?' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். ஆகவே அளந்து கேட்க வேண்டும்:

(அ) நாவலூர் ஊராட்சியில் குழாய் இணைப்பு இல்லாத தெருக்கள் எத்தனை என்பதை அரசு அறியுமா?

(ஆ) ஆம் எனில், அவற்றின் பெயர் என்ன?

(இ) இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு?

(ஈ) பணி எந்தத் தேதிக்குள் முடிவுறும்?

இவ்வளவுதான். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணோ பெயரோ தேதியோதான் விடையாக முடியும்.

குறைகளும் உண்டு

இம்முறை குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. பேரவை கூடும் நாட்கள் குறைவு. உறுப்பினர்கள் 234 பேர். அவர்களில் ஒருவர் எத்தனை பேருக்காகக் கேட்பது? எங்கள் பக்கத்துச் சோழிங்கநல்லூர் தொகுதியில் மட்டும் 2021 தேர்தலின்போது 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். கேள்வியை விலைக்கு விற்றவர்களும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் பெற்றதாக 2005 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 11 பேர் பதவி இழந்தனர். விலைக்குப் போகும் அளவுக்குக் கேள்விக்கு மதிப்பு இருக்கிறது என்பதையும் அது காட்டிவிட்டது.

'ஆவன செய்யப்படும்' என்று சொல்லிவிட்டு மறந்துபோவதும் நடக்கக்கூடியதே. அதைக் கண்காணிக்கத்தான் நம் பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1999 முதல் இயங்கும் நாடாளுமன்றத்தில் எழுத்து வினாவுக்குப் பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் விடை தர வேண்டும். நாமும் அப்படியொரு கெடுவைக் கேட்பதில் தவறென்ன?

நாம் செய்யக்கூடியது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபின் பத்து ரூபாய்க் கட்டணத்தில் நாமே ஆவணங்களைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அது கோப்பில் இருப்பதை மட்டுமே தரும். ஏன் செய்யவில்லை என்று அமைச்சரையே பொறுப்பாக்கும் வலிமை பேரவை வினாவுக்கே உண்டு. அதை எழுப்ப வேண்டியவர் உறுப்பினர்; அவர் கையில் சரியான வினாவைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். படித்த பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இருந்தாலும் இது நடக்கும் அன்றோ?

மேலே கண்ட நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தெருவில் உள்ளவர்கள் கையெழுத்திட்டதும் எங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுக்கப் போகிறோம். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "இதுக்கும் சீட்டுதான் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இதுக்குப் பதில் சொல்லணும்" என்றேன். அப்படிச் சொல்ல முடிந்ததற்கே இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு எனக்குப் பயன்பட்டதாக எண்ணுகிறேன்.