வாழைக்கன்னுக்கு பிளீச் குளியல்

திசு வளர்ப்பு வாழைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தேனிப் பக்கம் தோட்டங்கள்ல நிக்கிற ஜி9 ரகத்துல நிறைய, ஆய்வக பாட்டில்ல பிறந்ததுதான். ஆனா பாட்டிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்தக் கன்னு ஒரு கண்டத்தைத் தாண்டணும். இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

பாட்டில்ல இருக்கிற வளர்ப்பு ஊடகத்துல உப்புகள், வைட்டமின்கள், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை எல்லாம் இருக்கும். செடிக்கு விருந்து. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிடப் பெரிய விருந்து! வாழை மெதுவாத்தான் வளரும். பூஞ்சை சில நாள்லயே பாட்டிலை மூடிடும்.

ஊடகத்தை ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில வெச்சு எடுத்துடலாம். கன்னை அப்படி வெச்சா? கூட்டுக்குத்தான் ஆகும். ஆக, கிருமி சாகணும், செடி பிழைக்கணும். எல்லாமே அளவும் நேரமும்தான்.

முதல்ல பக்கக்கன்னை மண் போகக் கழுவி, வெளி மட்டைகளை உரிச்சு, நடுக்குருத்தைச் சின்னத் துண்டா செதுக்குவாங்க. அப்புறம் 70 சதவீத ஆல்கஹால்ல அரை நிமிஷம், மிஞ்சிப்போனா ஒரு நிமிஷம். ஏன் 100 சதவீதம் இல்ல? கிருமியோட புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலோட கொஞ்சம் தண்ணியும் வேணும்.

அடுத்து சோடியம் ஹைப்போகுளோரைட். நம்ம வீட்டு பிளீச்ல இருக்கிற அதே சமாச்சாரம். இதுல 10 முதல் 20 நிமிஷம். கூடவே சில சொட்டு ட்வீன் 20 விடுவாங்க. இல்லன்னா கரைசல் செடியோட மெழுகுப் பரப்புல ஒட்டாம உருண்டு ஓடிடும். சில ஆய்வகங்கள் இதுக்கு மெர்குரிக் குளோரைடு பயன்படுத்துவாங்க. நல்லா வேலை செய்யும். ஆனா அது பாதரச விஷம், கழிவை சாக்கடையில ஊத்த முடியாது.

கடைசியா, வடிகட்டின காத்து வீசுற லேமினார் மேடையில, கிருமி நீக்கிய தண்ணியில மூணு தடவை அலசணும். பிளீச் மிச்சம் இருந்தா செடியையே சுட்டுடும். வெளுத்துப்போன ஓரங்களை வெட்டிட்டுத்தான் ஊடகத்துல வைப்பாங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க. இது மேற்பரப்புச் சுத்தம் மட்டும்தான். திசுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பாக்டீரியாவையோ, முடிக்கொத்து நோய் வைரஸையோ பிளீச் தொடக்கூட முடியாது. தாய்மரத்துல வைரஸ் இருந்தா, அதுல இருந்து பெருக்கின நூத்துக்கணக்கான கன்னுலயும் அது போகும். கன்னு பளிச்சுன்னுதான் இருக்கும். தோட்டத்துக்குப் போனப்புறம்தான் வண்டவாளம் தெரியும்.

அதனால ஊர்ல அப்பாவோ மாமாவோ திசு வாழை வாங்கப்போனா, விலையோட சேர்த்து இதையும் கேக்கச் சொல்லுங்க: "தாய்மரத்துக்கு வைரஸ் டெஸ்ட் எடுத்தீங்களா?"

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!