மதுரை உணவு நடையும் ஆற்றுப்படை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

தொன்மையான நகரமொன்றின் தெருக்களில் வழிகாட்டி ஒருவர் சிறு குழுவினரை நடத்திச் சென்று, இடந்தோறும் உணவைச் சுவைக்கச் செய்து, அதன் வரலாற்றை எடுத்துரைக்கும் 'உணவு நடை' இன்று பண்பாட்டுச் சுற்றுலாவின் ஒரு வகையாக வளர்ந்துள்ளது. மதுரையைக் களமாகக் கொண்டு இவ்வடிவத்தை ஆராய்கிறது இக்கட்டுரை. வழிகாட்டுதல், பொழுது, தெரு ஆகிய மூன்று கூறுகளுக்கும் ஆற்றுப்படை நூல்களிலும் மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் முன்னமைப்புகள் உண்டு என்பதையும், இன்று மதுரைக்குப் பெயர் தரும் உணவுகளிற் பல பிற்காலத்தே வந்து சேர்ந்தவை என்பதையும் இது எடுத்துக்காட்டுகிறது. நகரத்தின் பழைமையை உணவின் பழைமையாகக் கொள்வதால் நேரும் வரலாற்று இழப்பை விளக்குவது இதன் நோக்கமாகும்.

திறவுச் சொற்கள்: உணவு நடை, ஆற்றுப்படை, மதுரைக்காஞ்சி, ஊர்காண் காதை, அங்காடி, உணவு வரலாறு.

முன்னுரை

மதுரையின் மையப்பகுதி நடந்து காண்பதற்கு ஏற்றது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் எனச் சதுரத்தைச் சுற்றிச் சதுரமாகத் தெருக்கள் விரிகின்றன. விழா ஊர்வலங்களின் பாதையாக அமைந்த இத்தெருக்களே வணிகத்தின் பாதையாகவும் விளங்குகின்றன. மாலை மயங்கும் வேளையில் தொடங்கி இரண்டு, மூன்று மணி நேரம் நீளும் உணவு நடை பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே நிகழ்கிறது. பருத்திப்பால், ஜிகர்தண்டா, இட்டலி, பணியாரம், பரோட்டா, கறிதோசை என அடுத்தடுத்து உண்டு செல்வோர், உணவோடு ஒரு வரலாற்றையும் பெறுகின்றனர்.

அவ்வரலாறு எத்தகையது என்பதே ஆய்வுக்குரிய வினா. மதுரை ஈராயிரம் ஆண்டு பழைமையுடையது. ஆதலின் அதன் உணவும் அத்துணைப் பழைமையுடையது என்னும் எண்ணம் இத்தகைய நடைகளில் எளிதில் உருவாகிறது. நகரம் பழையது என்பதற்குச் சான்றுகள் உண்டு. உணவுகள் ஒவ்வொன்றின் காலமும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது.

ஆற்றுப்படையும் வழிகாட்டியும்

உணவின்வழி நிலத்தை அறிமுகப்படுத்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும்போது, வழியில் எவ்வூரில் எவர் என்ன உணவு அளிப்பர் என்பதையும் கூறுகிறான். சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் எயினர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், மருத நிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையிலும் எயினர், ஆயர், உழவர், அந்தணர் என மக்கள் மாறுந்தோறும் உணவு மாறுகிறது. நிலமும் தொழிலும் உணவாக உருப்பெறுவதை இப்பாடல்கள் வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. கேட்பவன் உணவின் பெயரோடு அதனைச் சமைத்த மக்களையும் அறிந்துகொள்கிறான்.

இன்றைய வழிகாட்டியும் அடிப்படையில் இதனையே செய்கிறார். எனினும் இரண்டிற்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஆற்றுப்படையில் உணவு விருந்தோம்பலால் கிடைப்பது, உண்பவன் பசித்தவன். உணவு நடையில் உணவு விலைக்குக் கிடைப்பது. உண்பவர் புதுமையை நாடி வந்தவர். விருந்தளிப்போரே மையமாக இருந்த இடத்தில் இன்று பண்டம் மையமாகிறது. இதனால் சமைப்போரின் வாழ்வு பின்தள்ளப்படும் வாய்ப்பு மிகுதி.

பொழுதும் அங்காடியும்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளால் ஆகியது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது. நகரைப் பொழுதுகளின் வரிசையில் காட்டுவது அதன் தனிச்சிறப்பு. பகலில் இயங்கும் நாளங்காடியும் மாலையில் தொடங்கும் அல்லங்காடியும் அதில் வேறுவேறாக விவரிக்கப்படுகின்றன. பலாவும் மாவும் காயும் கீரையும், கற்கண்டிட்ட இனிப்புகளும், இறைச்சி கலந்த சோறும், கிழங்கும் உண்போர்க்குக் கிடைக்கின்றன. முதுபெண்டிர் பண்ணியமும் பூவும் ஏந்தி மனைதோறும் திரிந்து விற்கின்றனர். இரவின் இரண்டாம் யாமத்தில் தேனடை போன்ற மெல்லிய அடையும் பூரணம் பொதிந்த மோதகமும் செய்து விற்ற கூவியர் உறங்குகின்றனர்.

இரவு உணவு வணிகத்தால் 'தூங்கா நகரம்' எனப் பெயர்பெற்ற மதுரைக்கு இப்பகுதி பொருத்தமான இலக்கியப் பின்புலமாகிறது. ஆயினும் பாடல் நிறுவுவது எதனை என்பதில் தெளிவு வேண்டும். உணவை விற்பனைக்கெனச் சமைக்கும் தொழிலர் மதுரையில் இருந்தனர் என்பதும், அவ்வணிகம் இரவிலும் நீடித்தது என்பதும் பாடலால் உறுதியாகின்றன. இன்றைய பண்டங்கள் அன்றும் இருந்தன என்பதற்கு அது சான்றாகாது. மரபின் தொடர்ச்சி வணிக முறையில் உள்ளது. பண்டங்களிற் பெரும்பான்மை மாறிவிட்டது. விற்போர் உறங்கும் நேரத்தையும் பாடிய புலவர், வாங்குவோரோடு விற்போரையும் நகரின் மாந்தராகக் கண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தெருவும் காலமும்

தெருத்தெருவாக மதுரையைக் காணும் முறைக்கு முன்னோடி சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை. கவுந்தியடிகளிடம் கண்ணகியை விட்டுத் தனியே சென்ற கோவலன், அங்காடி வீதி, மணிகளும் பொன்னும் விற்கும் வீதிகள், அறுவை வீதி, கூலவீதி ஆகியவற்றைக் கண்டு மீள்கிறான். கூலவீதியில் தானியக் குவியல்களோடு மிளகு மூடைகளும் இடம்பெறுகின்றன. இன்று பலசரக்கு மொத்த வணிகம் செறிந்துள்ள கீழமாசி வீதியில் நிற்போர்க்கு இக்காட்சி நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் காப்பியத்தின் கூலவீதியையும் கீழமாசி வீதியையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. இன்று காணும் தெரு அமைப்பு நாயக்கர் காலச் சீரமைப்போடும் அதன் பின்வந்த மாற்றங்களோடும் தொடர்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டதால் நகரம் வெளிநோக்கி விரிந்தது. அப்பணியில் ஈடுபட்டோரின் பெயர்களை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் தாங்கியுள்ளன. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணின் அருகே இப்போது ஜிகர்தண்டா அருந்தக் கூட்டம் கூடுகிறது. உணவு நடையின் மிக விரும்பப்படும் நிறுத்தம் இவ்வாறு நகரின் அண்மைக்கால வரலாற்றின் மேல் அமைந்துள்ளது.

வந்து சேர்ந்த பண்டங்கள்

கூலவீதியின் மிளகு இங்கு முதன்மையான தடயமாகிறது. இன்று மதுரை அசைவ உணவின் காரம் பெருமளவு மிளகாயைச் சார்ந்தது. அமெரிக்கக் கண்டத்துத் தாவரமான மிளகாய் போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவை அடைந்தது. 'மிளகு' என்னும் பழஞ்சொல்லை அடியாகக் கொண்டு பெயரிடப்பட்டதால் அதன் புதுமை மொழியளவில் மறைந்துவிட்டது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அக்கண்டத்திலிருந்து வந்தவையே. இம்மூன்றையும் நீக்கினால் இன்றைய சால்னாவும் பொரியலும் அடையாளம் காண இயலாதவாறு மாறிவிடும்.

இட்டலி சங்க நூல்களில் இல்லை. 'இட்டலிகே' என்னும் சொல் பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனெயில் காணப்படுகிறது. பரோட்டா மைதாவால் செய்யப்படுவது; மைதா ஆலைத் தொழில் வளர்ந்தபின் பரவிய மாவு. கறிதோசையில் தோசை, முட்டை, கொத்துக்கறி ஆகிய மூன்றும் ஒரே கல்லில் அடுக்கப்படுவது உணவகச் சமையலின் உத்தி. இவற்றோடு ஒப்பிடும்போது, சங்கப் பாடல்களிலேயே பெயர் பெற்ற அயிரை மீன் இன்றும் மதுரையில் விரும்பி உண்ணப்படுவது தொடர்ச்சிக்கு வலுவான சான்றாகும். எனினும் குழம்பாக வைக்கப்படும்போது அதன் மேலும் மிளகாய் சேர்ந்துவிடுகிறது.

புலம்பெயர்ந்த மக்களின் பங்கும் இங்கு எண்ணத்தக்கது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற சௌராஷ்டிர மக்கள் இந்தோ ஆரிய மொழியொன்றை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய பகுதியில் அவர்கள் வாழ்வு செறிந்துள்ளது. மாலை நேரத்தில் அப்பகுதியில் விற்கப்படும் சிற்றுண்டிகளில் முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் செய்யும் பண்டமும் ஒன்று. வடக்கேயிருந்து வந்த மரபினர் தமிழகத்து வேலியோரத் தாவரத்தைத் தம் சமையலுக்கு உரியதாக்கிக்கொண்டதை இது காட்டுகிறது. வந்தவர்கள் தம் உணவை அப்படியே கொணர்ந்து நிலைநிறுத்தினர் என்று கொள்வதைவிட, வந்த இடத்தின் பொருள்களால் புதியது படைத்தனர் என்று கொள்வதே இங்குப் பொருந்தும்.

பெயரும் கதையும்

ஜிகர்தண்டா என்னும் பெயர் உருதுச் சொற்களால் ஆனது. 'ஜிகர்' பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். ஈரலைக் குறித்து, உணர்வின் இருப்பிடமாகிய உள்ளத்தையும் உணர்த்துவது. 'தண்டா' குளிர்ச்சியைக் குறிக்கும். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பனிக்கூழ் ஆகியன அதன் உறுப்புகள். பெயரைக் கொண்டு அது முகலாயர் வழி வந்ததெனக் கூறும் கதை பரவலாக வழங்குகிறது. பெயரால் உறுதிப்படுவது உருது வழங்கிய சூழலோடு அப்பானத்திற்குள்ள தொடர்பு மட்டுமே. அரச மரபைப் பெயர் நிறுவாது. நன்னாரி தென்னாட்டு வேர் என்பதும், பனிக்கூழ் நவீனக் குளிரூட்டும் தொழிலின் விளைவு என்பதும் அக்கதையில் இடம்பெறுவதில்லை.

பருத்திப்பால் இதற்கு மறுதலையானது. அதற்கு அரசர் கதை இல்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலம் சேர்த்துக் காய்ச்சுவர். பருத்தி விளையும் கரிசல் நிலத்திற்கும் கைத்தறி, ஆலை என இரு வகையாலும் நெசவு வளர்ந்த நகருக்கும் இடையே நின்று நோக்கினால் இப்பானத்தின் பொருள் விளங்கும். பஞ்சை நீக்கியபின் எஞ்சும் கொட்டை, நெய்யும் தொழிலின் துணைப்பொருள். அதனை உணவாக்கிய அறிவு உழைக்கும் மக்களுடையது. கதையற்ற இப்பானம் நகரின் பொருளியலைக் கதையுள்ள பானத்தினும் தெளிவாகப் பேசுகிறது.

ஒரே பலகையில் அமர்தல்

உணவு நடை இயல்பெனக் கொள்ளும் நிலையொன்று உண்டு: எவரும் எத்தெருவிலும் நடக்கலாம், எவரோடும் அமர்ந்து உண்ணலாம். நடைவழியின் மையமாகிய மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள்தான். அவர்களுள் கக்கனும் ஒருவர். கடைகளையும் உணவகங்களையும் பயன்படுத்துவதில் சாதி முதலியவற்றால் தடை கூடாது என்பதை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் உறுப்பு உறுதி செய்தது. ஈராயிரம் ஆண்டு உணவைப் பேசும் வழிகாட்டி, அதனைப் பொதுவில் உண்ணும் உரிமை நூறாண்டுக்கும் உட்பட்டது என்பதைக் கூறாவிடின், உண்போர் பெறும் வரலாறு குறையுடையதாகும்.

விற்போர் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தெருவோர வணிகரின் வாழ்வாதாரத்தைக் காக்கும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. விற்போர்க்குச் சான்றிதழும், விற்பனைக் குழுவில் சார்பாளர்க்கு இடமும் அச்சட்டத்தின் கூறுகள். நகரை அழகுறுத்தும் திட்டங்களில் தள்ளுவண்டியின் இடம் எப்போதும் கேள்விக்குரியதாகவே உள்ளது. கோவலன் வீதிகளின் வளத்தைக் கண்டு மகிழ்ந்து மீண்டான். அந்நகரின் நீதி எத்தகையது என்பதை வீதிகள் அவனுக்குக் காட்டவில்லை. அவனது இறுதி உணவு, ஆயர்குல மாதரி அளித்த அரிசியும் காய்களும் கொண்டு கண்ணகி சமைத்ததே. அங்காடியின் பொலிவுக்கும் உணவளித்த கைக்கும் இடையேயுள்ள தொலைவைக் காப்பியம் அறிந்திருந்தது.

முடிவுரை

வழிகாட்டும் முறையை ஆற்றுப்படையும், பொழுது நோக்கை மதுரைக்காஞ்சியும், தெரு நோக்கை ஊர்காண் காதையும் உணவு நடைக்கு அளிக்கின்றன. எனவே இவ்வடிவத்தைத் தமிழ் மரபுக்குள் வைத்து ஆராய்வதற்கு இடமுண்டு. அவ்வாறு ஆராயுங்கால், இலக்கியச் சான்று, சொற்சான்று, பொருட்சான்று, வாய்மொழி ஆகிய நான்கும் வேறுபடுத்தப்பட வேண்டும். மதுரைக்காஞ்சி இரவு வணிகத்திற்குச் சான்று. ஜிகர்தண்டா என்னும் பெயர் மொழித் தொடர்புக்குச் சான்று. மிளகாயும் மைதாவும் காலத்தின் கீழெல்லையைக் காட்டும் சான்றுகள். முகலாயர் கதை வாய்மொழி.

இவ்வேறுபாடு மதுரையின் பெருமையைக் குறைப்பதாகாது. நெசவாளரும் வணிகரும் ஆலைத் தொழிலாளரும் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்து, வெளிநிலத்துப் பொருளையும் உள்நாட்டு இலையையும் வேரையும் கலந்து ஆக்கியதே அதன் இன்றைய உணவு. பண்டங்களுக்குப் பொய்யான பழைமை கூறும்போது, அவற்றைப் படைத்த இம்மக்களின் பெயரே வரலாற்றினின்று நீக்கப்படுகிறது. தெருவோர வணிகர், சிற்றுண்டி செய்யும் மகளிர், உணவகச் சமையலர் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுத்தல் இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.