திராட்சைத் தோட்டத்தில் மனித நலத்தை அளத்தல்

திராட்சை மதுவின் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் நுணுகி அளப்பதில் மேனாட்டார் வல்லவர். ஆனால், அம்மதுவுக்காகக் கொடி வளர்த்துக் குலை கொய்யும் தொழிலாளியின் நல்வாழ்வை அளப்பது எங்ஙனம்? தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணம் இவ்வினாவுக்கு விடை தேடி வருகின்றது.

கேப் பகுதியில் 1659ஆம் ஆண்டிலேயே திராட்சை மது வடிக்கப்பட்டது. அடிமைகளின் உழைப்பால் வளர்ந்த அத்தோட்டங்களில் 'டொப்' என்னும் கொடிய வழக்கமொன்று வேரூன்றியது. கூலியின் ஒரு பகுதியாக மலிவான மதுவையே தொழிலாளருக்கு வார்த்துக் கொடுப்பதே அவ்வழக்கம். சட்டம் அதனை விலக்கிய பின்னரும் அது நெடுங்காலம் நீடித்தது. அதன் தீங்கு பெற்றோருடன் நின்றுவிடவில்லை. தாய் அருந்திய மதுவினாற் கருவிலேயே ஊறுபட்ட குழந்தைகளின் விகிதம் உலகில் மிக உயர்ந்து காணப்படும் இடங்களுள் இம்மாகாணமும் ஒன்றாகும்.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2002ஆம் ஆண்டில் 'வியெற்றா' என்னும் அமைப்பு தோன்றியது. கூலி, வேலைநேரம், பாதுகாப்பு, குடியிருப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை அதன் கணக்காய்வாளர் ஆராய்வர். சிறுவரை வேலைக்கமர்த்தாமையும் அவர்களது அளவுகோல்களுள் ஒன்று. தேறிய தோட்டங்களின் மதுப் போத்தல்கள் நற்சான்று முத்திரை பெறலாம்.

எனினும், ஏட்டில் உள்ளதை அளப்பது வேறு, வாழ்வை அளப்பது வேறு அன்றோ? மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இம்மாகாணத்துப் பழத் தோட்டங்களிலும் மதுத் தோட்டங்களிலும் குடிநீரும் மலசலகூட வசதியும் இன்றி உழைப்போரையும், பாதுகாப்பு உடையின்றிப் பூச்சிகொல்லி மருந்துக்கு ஆளாவோரையும் எடுத்துக்காட்டியது.

அடுத்த ஆண்டு நவம்பர் மாதத்தில், உண்பதற்கான திராட்சை விளையும் டி டோர்ன்ஸ் என்னும் ஊரில் வேலைநிறுத்தம் மூண்டு, மாகாணத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியது. அன்று சட்டம் விதித்திருந்த குறைந்தபட்ச நாட்கூலி 69 றாண்ட். அதனைக் கொடுத்த முதலாளி சட்டப்படி குற்றமற்றவரே. ஆயினும், அக்கூலி குடும்பத்தின் பசியைத் தீர்க்கவில்லை என்பதே தொழிலாளரின் முறையீடு. 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது 105 றாண்டாக உயர்த்தப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? 'சட்டப்படி கூலி கொடுக்கப்பட்டதா?' என்ற கேள்வியோடு, 'அக்கூலி போதுமானதா?' என்ற கேள்வியும் எழவேண்டும். அறுவடைக் காலத்தில் மட்டும் வந்து செல்லும் பெண்களையும், அவர்கள் வேலைசெய்யும் நாளிலேயே சென்று, மேற்பார்வையாளர் அருகில் இல்லாதபோது கேட்டறிதல் வேண்டும். உழைப்பவர் அஞ்சாது வாய்திறக்க இயலாத இடத்தில், எந்த அளவுகோலும் உண்மையை அளக்காது.