குடும்பத்துக்கேற்ற மருத்துவக் காப்புறுதி

இலங்கையில் மருத்துவக் காப்புறுதி பற்றிப் பேச முற்படுவோர் முதற்கண் ஒரு கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். அரசாங்க வைத்தியசாலையிற் பணமின்றி வைத்தியம் கிடைக்கும் நாட்டிலே, காப்புறுதிக்கென்று ஆண்டுதோறும் பணம் கட்டுவது எதற்கு? நியாயமான கேள்வியே இது. 1951 ஆம் ஆண்டிலே அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. எழுபதுகளிற் சில ஆண்டுகள் சிறு தொகையொன்று அறவிடப்பட்டது தவிர, இலவச வைத்தியம் இன்றுவரை நீடித்து வருகின்றது. கண்டிப் பகுதி மக்கள் இவ்வகையிற் பேறு பெற்றவர்கள். கண்டித் தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை, சிறுவர்களுக்கென்று பேராதனையில் அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை, அங்குள்ள பல் வைத்தியசாலை ஆகியன யாவும் சில மைல் தூரத்துக்குள் இருக்கின்றன. கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் காப்புறுதி இல்லாத ஒருவர், ஒரு சத்திரசிகிச்சையினாலேயே பெருங்கடனாளி ஆகிவிடக்கூடும். இங்கே நிலை அவ்வாறன்று. இலவச வைத்தியம் எட்டாத இடைவெளிகளை நிரப்புவதே இந்நாட்டிற் காப்புறுதியின் வேலை. அந்த இடைவெளிகள் எவை என்று அறிந்தவரே ஏற்ற திட்டத்தைத் தெரிந்தெடுக்க வல்லவராவர்.

முதலாவது இடைவெளி, காத்திருத்தல். அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளுக்கு நோயாளர் தம் முறை வரும்வரை பொறுத்திருக்க நேர்கிறது. இரண்டாவது, மருந்தும் பரிசோதனையும். வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்க வேண்டும்; சில பரிசோதனைகளை வெளியே செய்விக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாட்டின் பொருளாதார நெருக்கடியினால் மருந்துகள் போதாமற்போகவே, பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. அரசாங்கத்தின் கொடையும் நாட்டின் கருவூலத்தையே நம்பியிருக்கிறது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. மூன்றாவது, பலரும் எண்ணிப் பாராத செலவு. நோயாளி படுத்திருக்கும் நாட்களில் நாட்கூலி இல்லை. துணைக்கு நிற்பவரின் கூலியும் இல்லை. தெல்தோட்டையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ நாள்தோறும் வந்துபோகும் வண்டிச் செலவு வேறு.

புதிய திட்டமொன்றை விலைக்கு வாங்குமுன், கையில் ஏற்கெனவே உள்ளதை எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை. அரசாங்க ஊழியர்களுக்கு அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உண்டு. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதனை நடத்துகிறது. தனியார்துறையிலும் தோட்டங்களிலும் வேலை செய்வோருக்கு, 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்வழி வந்த ஊழியர் நம்பிக்கை நிதியம் உண்டு. வேலை வழங்குபவரே தம் பணத்திலிருந்து இதற்குச் செலுத்துகிறார். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றம், கண்வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு அங்கத்தவர்கள் இந்நிதியத்திடம் உதவி கோரலாம். இத்தகைய உரிமை தமக்கு உண்டென்பதை அறியாமலே கடன் வாங்கி வைத்தியம் செய்வோர் உளர். 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்ட ஜனாதிபதி நிதியமும், பெருஞ்செலவு பிடிக்கும் நோய்களுக்கு உதவுகிறது. அதற்குக் கொழும்பு சென்றே விண்ணப்பிக்க வேண்டியிருந்த நிலை மாறி, 2025 ஆம் ஆண்டிலே பிரதேச செயலகங்களின் வழி விண்ணப்பிக்கும் வசதி ஏற்படுத்தப்பட்டது.

இவற்றைக் கணக்கிட்ட பின்னர் எஞ்சும் தேவைக்கே காப்புறுதி நாட வேண்டும். கம்பனிகள் விற்கும் திட்டங்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வைத்தியசாலைப் பற்றுச்சீட்டின்படி உண்மையில் ஏற்பட்ட செலவை ஒரு வரையறைக்குள் ஈடு செய்வது. மற்றொன்று, வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் குறித்த தொகையொன்றை வழங்குவது. முதலாவது வகை, தனியார் வைத்தியசாலையை நாடும் குடும்பத்துக்குப் பொருந்தும். இரண்டாவது வகையில், அரசாங்க வைத்தியசாலையில் தங்கினாலும் பணம் தரும் திட்டங்கள் உள்ளன. நாட்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, இழந்த கூலியை ஓரளவேனும் மீட்டுத் தருவது இதுவே. தனியார் வைத்தியசாலையின் வாசலை மிதிக்கும் எண்ணமே இல்லாதவர், முதல்வகைத் திட்டத்துக்குப் பெரும்பணம் கட்டுவதிற் பயனில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சில திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவன. சில, ஆயுட் காப்புறுதியோடு மேலதிகப் பயனாக இணைக்கப்படுவன. ஆண்டுத் திட்டத்திலே கட்டணமும் நிபந்தனையும் புதுப்பிக்கும்போது மாறக்கூடும். இணைப்புத் திட்டத்திலோ, ஆயுட் காப்புறுதிக்கான தவணைப் பணம் தவறினால் மருத்துவப் பயனும் அதனோடு அற்றுப்போகும்.

திட்டத்தின் பெயருக்கு அருகே பெரிய எழுத்தில் அச்சிட்ட தொகையைக் கண்டு மயங்குவோர் பலர். அத்தொகைக்குள்ளே உள்வரையறைகள் பல இருக்கும். உதாரணமாக, ஆண்டு வரையறை 5 இலட்சம் ரூபாய் என்றும், அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 8,000 ரூபாய் மட்டுமே வழங்கப்படும் என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 15,000 ரூபாய் அறையில் நான்கு நாட்கள் தங்கினால், 28,000 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்தே போகும். ஆண்டு வரையறையில் எவ்வளவு எஞ்சியிருந்தாலும் அது இதற்கு உதவாது. அவ்வாறே, குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையா, ஆளுக்கு ஆள் தனித்தொகையா என்பதும் கேட்டறிய வேண்டிய செய்தி. பொதுத்தொகையாயின், ஒருவருடைய நீண்ட நோய் மற்றவர்களின் பாதுகாப்பையும் தின்றுவிடும்.

காத்திருப்புக் காலம் அடுத்து வருவது. பத்திரம் கைக்கு வந்த மறுநாளே எல்லா நோய்க்கும் பணம் கிடைப்பதில்லை. சில நோய்களுக்குச் சில மாதங்களும், முன்னரே இருந்த நோய்களுக்கு அதனினும் நீண்ட காலமும் பொறுத்திருக்க வேண்டிவரும்; சிலவற்றை முற்றாகவே விலக்கிவிடுவதும் உண்டு. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மலிந்துவிட்ட இக்காலத்தில், நாற்பது வயதைக் கடந்தோர் இப்பகுதியை ஊன்றிப் படித்தல் அவசியம். மகப்பேறு, பல் வைத்தியம், வெளிநோயாளர் செலவு ஆகியன அடங்குமா என்பதையும், எந்த வயதுவரை புதுப்பிக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். அறுபதிலே கைவிடும் திட்டம், நோய் வரும் காலத்திலே குடையைப் பறித்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

பத்திரத்தை ஏற்கும் வைத்தியசாலைகள் எவை என்பதும் கண்டி மக்களுக்கு முக்கியமானது. கொழும்பிலே முன்பணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் வைத்தியசாலைகள் பலவற்றைக் கம்பனியின் பட்டியல் காட்டலாம். ஆனால் கண்டியிலே அத்தகையன எத்தனை? பட்டியலில் இல்லாத இடத்திற் சேர்ந்தால், பணத்தை முதலிலே தாமே கட்டிப் பின்னர் மீளப்பெற வேண்டும். பற்றுச்சீட்டுகளையும் நோய் நிர்ணய அட்டையையும் குறித்த நாட்களுக்குள் ஒப்படைக்கத் தவறினால் அதுவும் கைகூடாது.

இவையனைத்திலும் மேலானது, உள்ளதை உள்ளபடி கூறுதல். காப்புறுதி என்பது நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். பழைய நோயை மறைத்துப் பத்திரம் பெற்றவர், ஆண்டுக்கணக்கிற் பணம் கட்டிய பின்னரும் தேவை வந்தபோது வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். முகவர் தாமே படிவத்தை நிரப்ப முன்வந்தால், நிரப்பியதை வாசித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். படிவத்தையும் நிபந்தனைகளையும் தமிழிலே கேட்டுப் பெறுதல் நன்று. விளங்காத மொழியில் இட்ட கையெழுத்தும் கையெழுத்தே.

கம்பனி உரிமம் பெற்றதா என்பதை இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அறிந்துகொள்ளலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இத்துறையைக் கண்காணிப்பது அதுவே. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுப்புக்கான காரணத்தை முதலிற் கம்பனியிடம் எழுத்திலே பெற வேண்டும். அதன் பின்னரும் தீர்வு கிட்டாவிடில், அந்த ஆணைக்குழுவிடமோ காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ முறையிட வழியுண்டு.

சுருங்கக் கூறின், தெரிவு குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். கட்டுகஸ்தோட்டையிற் சிறுகடை நடத்துபவருக்கு ஊழியர் நம்பிக்கை நிதியமும் இல்லை, அக்ரஹாரவும் இல்லை. இளமையிலேயே, நோய் தொடங்குமுன், அளவான குடும்பத் திட்டமொன்றிற் சேர்வது அவருக்கு நலம். தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு, நிதியத்தின் உரிமைகளை அறிந்துவைப்பதும், இயலுமாயின் இரவுக்கு இவ்வளவு என்று தரும் சிறு திட்டமொன்றும் போதும். அக்ரஹார உள்ள ஆசிரியர், அதன் வரையறைக்கு அப்பால் எது தேவை என்று கணக்கிட்டே மேலதிகமாக வாங்க வேண்டும். வருமானத்தை வருத்தும் அளவுக்குக் கட்டணம் உயர்ந்த திட்டம் இரண்டாம் ஆண்டிலே நின்றுபோகும். கட்டிய பணமும், கழித்த காத்திருப்புக் காலமும் வீணாகும். தொடர்ந்து கட்டக்கூடிய சிறிய காப்புறுதியே, இடையில் அறுந்துபோகும் பெரியதினும் மேலானது.